முன்கட்டு வரைக்கும்

பழவேற்காட்டில் பழைய வணிகக் குடும்பம் ஒன்றின் பெரிய வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். சின்ன வயதில் அம்மா மீன்கூடையோடு அங்கே போகும்போதெல்லாம் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். சந்துப் பக்கம் பெண்கள் புழங்கும் பின்வாசலோடு எங்கள் வேலை முடிந்துவிடும். முன்கட்டுக் கூடத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே ஆசை. கால் நன்றாக இருந்தவரை போகவில்லை. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்பு. வீடு ஓடவில்லை. பைக்கிலிருந்து விழுந்து, நான்தான் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் மனைவியோடு கிளம்பினேன். ஆட்டோவில் நாற்காலியை மடித்து ஏற்றி, என்னை ஏற்றி, பிறகு இறக்கி, மறுபடி விரித்து, அந்த வீட்டு முன்வாசலுக்கு வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. எதிரே ஆளுயரத்துக்குப் படிகள்.

வீட்டுக்காரப் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். ஓடி வந்தார்.

"கவலப்படாதீங்கண்ணே. நாலு பேரக் கூப்டா ஒரே தூக்கு."

தூக்குகிறவர்களுக்கு அது ஐந்து நிமிடப் புண்ணியம். லுங்கி விலகுவதும், யாரோ ஒருவரின் அக்குளில் முகம் அழுந்துவதும் எனக்கு. எங்கள் குப்பத்தில், படகைக் கரையேற்றுவதுபோல என்னைத் தூக்கும்போது ஐலசா போடுகிற புண்ணியவான்களும் உண்டு. வேண்டாம் என்றேன்.

"அப்ப பின்பக்கமா வாங்க, படியே இல்ல. அம்மா மட்டுந்தான் இருக்காங்க, சொல்லிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார்.

வங்கி, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் குப்பைத்தொட்டி இருக்கும் பக்கம்தான் எனக்கு வாசல். இங்கேயுமா? எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை. மனைவிதான் விடவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னாய்யா மூஞ்சத் தூக்கி வெச்சினு? உள்ள போனா முன்கட்டுக்கு வழி இருக்காதா?"

வழி இருந்தது. பின்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு படி, அதன்மேல் தடித்த நிலை. அம்மாவோடு நின்ற இடத்திலிருந்து இத்தனை வருடத்தில் நாலு முழம் உள்ளே வந்திருந்தேன், அவ்வளவுதான். மனைவியைப் பாயோடு போய்ப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பாயின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னையும் படியையும் பார்த்தார்.

"எனக்கும் இதே கததான் தம்பி. முட்டி போனதுலேருந்து அந்தப் படி ஏற முடியல. முன்கட்டப் பாத்து ரெண்டு நோம்பு தாண்டிச்சு."

அதற்குள் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக் காட்டினேன். தேக்குத் தூண்களையும் மரக்கூரையையும் பார்த்து, எது யார் காலத்தில் வைத்தது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்து, நீளமான ஒரு சுவர். அதில் அவர் விரல் நின்றுவிட்டது.

"கண்ணாடி எங்க?"

படத்தைப் பெரிதாக்கினேன். சுவரில் ஆளுயரத்துக்கு வெளுத்த கட்டம் ஒன்றுதான் இருந்தது.

"நிக்காஹ் ஆகி வந்தன்னிக்கு நான் மூஞ்சி பாத்த கண்ணாடி. வாரா வாரம் தொடைக்கிறேம்மான்னு பையன் சொல்றானே" என்றார்.

போனை மடியில் கவிழ்த்தேன். என்னைத்தான் எங்கும் பின்பக்கம் அனுப்புகிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த வீட்டுக்கே சொந்தக்காரி பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் என் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுல உக்காந்தா அந்தப் படியத் தாண்டலாமா?"

"முடியாதும்மா."

கொஞ்ச நேரத்தில் மனைவியும் பாயும் திரும்பி வந்தார்கள்.

"இன்னாண்ணே, போட்டோலயாச்சும் பாத்தீங்களா?" என்றார் பாய் சிரித்துக்கொண்டே.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மா முந்திக்கொண்டார்.

"பாத்தோம். ரெண்டு பேரும் பாத்தோம்."

பாயின் சிரிப்பு நின்றது. அம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமல் கீரையை உருவ ஆரம்பித்தார்.