இனியா தலைகுனிந்த வகுப்பு

கோதண்டபாணி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலம் வந்துபோகும் தமிழாசிரியர். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பாடம் நடத்த மாட்டார். தீக்குள் புகுந்து அடுத்தவர் பிள்ளையைக் காப்பாற்றியவர், வெள்ளத்தில் குதித்தவர் என்று நாளிதழில் வந்தவர்களைப் பற்றிச் சொல்லுவார். பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு பிடிக்கும் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலேயே அப்படி ஒருவர் இருப்பதை டீக்கடையில் கேள்விப்பட்டார். பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கும் ஜெயஸ்ரீ. களிமண் கரைக்கும் தொட்டிக்குள் விழுந்த ஒரு தொழிலாளியை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, தலையைத் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றியவர். மோட்டாரில் அடிபட்டு அவருடைய இடது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. விழுந்தவர் குடித்திருந்தார் என்றும் டீக்கடையில் சொன்னார்கள்; பெயரை யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கேட்டபோது ஜெயஸ்ரீ வெகுநேரம் தயங்கினார்.

"வரேன் சார். ஆனா வுழுந்தது யாரு, எப்படி வுழுந்தாருங்கிற பேச்சு மட்டும் வேணாம்."

கோதண்டபாணி ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஜெயஸ்ரீ நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் நெளிந்தார்கள். தன் வகுப்பு சப்பென்று போவதை கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று குரலை உயர்த்தினார்.

"அந்த ஆளு குடிச்சிட்டு வந்து வுழுந்தவரு. அப்படிப்பட்ட ஒருத்தருக்காகவும் உயிரைக் கொடுக்கத் துணிஞ்சாங்களே, அதுதான் கருணை."

முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பிறகு வகுப்பே திரும்பி இனியாவைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விழுந்தது அவளுடைய அப்பா அர்ச்சுனன் என்று அப்போதுதான் கோதண்டபாணிக்குப் புரிந்தது.

ஜெயஸ்ரீ நிதானமாகச் சொன்னார்: "சார் தப்பா கேள்விப்பட்டிருக்காரு. அங்க தரையெல்லாம் சேறு. கால் வழுக்கிடுச்சி. நானே எத்தனையோ தடவ வுழுந்திருக்கேன்."

சொல்லிவிட்டு கோதண்டபாணியைப் பார்த்தார். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அது அவர் வாயில் வரவில்லை. திரும்பிக் கரும்பலகையை அழித்தார். மணி அடித்தது.

திங்கட்கிழமை இனியா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் கோதண்டபாணி அவள் வீட்டுக்குப் போனார். அர்ச்சுனன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நீங்க சொன்னது பொய்யில்ல சார். அன்னியிலிருந்து நான் குடியைத் தொடறதில்ல. நான் குடிச்சிருந்ததை ஜெயஸ்ரீ என் பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல" என்றார் அர்ச்சுனன்.

கோதண்டபாணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இனியாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதையே கிளாஸ்லயும் சொல்லுவீங்களா சார்?"

மறுநாள் வகுப்பில் சொன்னார். ஒரு வீட்டுச் சங்கதியை, பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் முன்னால் பெரிய ஆளாகத் தெரியவேண்டும் என்று பேசினேன். அந்த அம்மா அந்தப் பேச்சை மூடப் பார்த்தபோது அவருக்குத் துணைநிற்கவும் எனக்குத் தைரியம் இல்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை. இனியா கடைசிவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். ஜெயஸ்ரீ வார்த்த பொம்மைகளின் பிசிறைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"புள்ள ஸ்கூலுக்கு வந்துச்சா?"

"வந்தாம்மா."

"சரிங்க சார்" என்று அடுத்த பொம்மையை எடுத்தார். கோதண்டபாணி கொஞ்சநேரம் அங்கேயே நின்றுவிட்டு வெளியே வந்தார்.