பழைய படம் தேடிப் போன வீடு

நாங்கள் நன்னிலம் பக்கம். சில வருடங்களுக்கு முன், சம்பா நடவு மும்முரமாக நடந்த சமயம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மேமோகிராம் எடுத்துக்கொண்டேன். கட்டியோ வலியோ கிடையாது. வெளிநாட்டிலிருக்கும் மகள் போனில் நச்சரித்ததால் போனேன்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா, இடது மார்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிவதாகச் சொன்னார். "முன்னாடி எடுத்த படம் இருக்காம்மா? அதுலயும் இப்படியே இருந்தா பயமில்ல. புதுசா வந்திருந்தா ஊசியால துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

எடுத்திருந்தேன். ஆளுங்கட்சிக்காரர்கள் ஊருக்கு மருத்துவ முகாம் வண்டி கொண்டுவந்தபோது, நானும் என் கணவரின் அண்ணன் மனைவியும் சேர்ந்து போய் எடுத்தோம். அப்போது எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. பிறகு நிலம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு முற்றி கோர்ட்டுக்குப் போனது. படங்கள் இருந்த பீரோ அவர்கள் பங்குக்குப் போனது. பேச்சுவார்த்தையும் அதோடு நின்றது.

"அந்த வாசப்படிய மிதிக்காத. பழைய படம் இல்லன்னு சொல்லிடுவோம்" என்றார் கணவர். சொன்னவர் சாப்பிடாமலே வயலுக்குப் போய்விட்டார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. கை தானாக மார்பைத் தடவிப் பார்க்கும், ஒன்றும் தட்டுப்படாது. அதுவே இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் போய் அந்த வாசலில் நின்றேன். ஈரக் கையோடு வந்தார் கணவரின் அண்ணன் மனைவி. "அக்கா..." என்று ஆரம்பித்து டாக்டரம்மா பழைய படம் கேட்டதைச் சொன்னேன்.

"வண்டில எடுத்தமே, அதுவா?" என்று மட்டும் கேட்டு உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். தூக்கிப் போட்டிருப்பாரோ? உள்ளே மூத்தாரின் குரல் கேட்டது. "எதுக்கு வந்திருக்கா? கேஸ் நடக்குறப்ப எதையும் குடுத்துத் தொலைக்காத."

"உங்க கேசு வயக்காட்டோட இருக்கட்டும்" என்றார் அவர்.

வெளியே வந்தபோது புடவை மாற்றியிருந்தார். கையில் கவர். "தனியாவா போவ? வா."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதில் ஒன்றுமில்லை. புதியதில் ஒரு சிட்டிகை ரவையைக் கொட்டியதுபோல் இருந்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அன்றே ஊசி டெஸ்டுக்கு ஏற்பாடு செய்தார். ரிசல்ட் வரும்வரை அக்கா தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரு வீட்டு ஆண்களும் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பநிலை, பரவவில்லை. ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் முடிந்து இன்று நன்றாக இருக்கிறேன். பழைய படம் இல்லாதிருந்தால் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்திருப்போம் என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார்.

கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தா மேல் வாய்தா. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். அன்று அக்கா "இல்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே நம்பித் திரும்பியிருப்பேன்.