நேராகப் பறக்க ஒரு பொட்டு

விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு: வானத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள், தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்கள். நான் இரண்டாவது ரகம். ஜன்னல் சீட் கிடைத்தாலே எனக்குத் தலை சுற்றும். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில், கீழே டயர் கடை, மேலே எங்கள் பயிற்சி மையம். மூன்று பெரிய திரை, ஒரு நிஜ விமான இருக்கை, கைப்பிடி, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் எல்லாம் வைத்த சிமுலேட்டர் ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அதில் உட்காருகிறவர்கள்தான் என் மாணவர்கள்.

நான் நடத்துகிற முதல் பாடம், நேராகவும் மட்டமாகவும் பறப்பது. ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, திரும்பக் கூடாது. அதாவது, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால் 'ப்பூ, இவ்வளவுதானா' என்று இருக்கும். மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களும், மாமனாருக்கு செல்போன் சொல்லிக்கொடுத்தவர்களும் என் கட்சி. உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

யார் ஜெயிப்பது?

முத்துக்குமார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ட்ரோன் பயிற்சிக்குப் போகும் முன் அடிப்படை தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் வகுப்பில் சேர்ந்தவர். போர்டில் வேண்டுமென்றே அளவு மாற்றி நான்கு அம்புக்குறி போட்டேன். மேலே தூக்கும் விசை, கீழே எடை, முன்னே இழுக்கும் இன்ஜின், பின்னே பிடித்து இழுக்கும் காற்று. "மட்டமாகப் பறக்கும்போது தூக்குவிசை பெரியதா, எடை பெரியதா?" என்று கேட்டேன். தூக்குவிசைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இந்தத் தப்பைச் செய்யாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"உங்கள் ஃபோர்க்லிஃப்டில் ஒரு பெட்டியைத் தூக்கி, பாதி உயரத்தில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஃபோர்க் பெட்டியை எவ்வளவு தாங்கும்?" என்றேன். "பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவுதான், கூட எதுக்கு?" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் முகம் மாறியது. எழுந்து போர்டுக்கு வந்து, நான் பெரிதாக வரைந்து வைத்திருந்த மேல் அம்பை அழித்து, கீழ் அம்பின் அளவுக்கே திரும்ப வரைந்தார். முன் அம்பையும் பின் அம்பையும்கூட நான் சொல்லாமலே சமமாக்கினார். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் மனுஷர் கேட்டுவிட்டார்:

"அப்போ ரெண்டு பேரு சண்ட போட்டு ஒருத்தரும் ஜெயிக்காம இருக்கதுக்குப் பேருதான் பறக்கதா மேடம்? அப்படின்னா எங்க வீடு இன்னும் தரையிறங்கவே இல்லையே!"

மூக்கைத் தூக்கிக்கொண்டு

மட்டமாகப் பறப்பதில் ஒரு வினோதம் உண்டு. வேகமாகப் போகும்போது விமானத்தின் மூக்கு நேராக இருந்தால் போதும். வேகத்தைக் குறைத்தால் இறக்கையின் தூக்கும் சக்தியும் குறையும். அதை ஈடுகட்ட மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மூக்கு வானத்தைப் பார்க்கும், விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். இதை நான் படம் போட்டு, கையை இறக்கை மாதிரி ஆட்டி, தொண்டை வறள விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவருக்கும் புரிந்திருக்காது.

எங்கள் மையத்தின் சாவி, கூட்டுமாறு, டீ ஃபிளாஸ்க் எல்லாம் மணிமங்கலம் தங்கராஜ் அண்ணனின் பொறுப்பு. ஒருநாள் நானே சிமுலேட்டரில் உட்கார்ந்து மெதுவாகப் பறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரை முழுக்க ஆகாயம், உயரம் காட்டும் முள் மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைத்தான் இப்போது நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்:

"இன்னா மேடம் இது, மூக்கை மட்டும் மேல தூக்கிக்கினு கீது, ஒரு அடி ஏற மாட்டேங்குது? முன்னாடி எங்க கம்பெனில ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு, அச்சு அசல் இதே மாதிரி."

முள்ளைத் துரத்திய பவித்ரா

இனி பவித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரப்பணஞ்சேரிப் பெண். கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வு வேலை. ஒவ்வொரு துண்டையும் அளவுக் கருவியில் வைத்து, முள் பச்சைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அறக்கட்டளை எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை முழுப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. வெளியூரிலிருந்து கேப்டன் ஒருவர் வந்து சிமுலேட்டரில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். அவர் சரி என்றால் விமானம், இல்லையென்றால் மறுபடி தொழிற்சாலை லைன்தான். "கேப்டன் வேணாம்னுட்டா இந்தப் பேச்சை அதோட வுட்டுடணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிமுலேட்டரில் உட்கார்ந்தால்தான் சனி பிடிக்கும். உயரம் காட்டும் முள் ஒரு மயிரிழை இறங்கினால் போதும், கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பாள். முள் கொஞ்சம் தாமதமாகத்தான் உண்மையைச் சொல்லும். அது நகரக் காணோமே என்று இன்னும் இழுப்பாள். பிறகு அது ஏறித் தாண்டிவிடும், உடனே அழுத்துவாள். விமானம் மகாபலிபுரத்து அலை மாதிரி ஏறி இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வயிற்றைப் புரட்டும். "முள்ளை விடு, வெளியே அடிவானத்தைப் பார்! மூக்கை அதோடு ஒரே இடத்தில் நிறுத்து, முள் தானாக நிற்கும்!" என்று கத்துவேன். என் கத்தலுக்குக் கீழே டயர் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் அழமாட்டாள், முகம் சுளிக்கமாட்டாள், "இன்னொரு வாட்டி மேடம்" என்பாள். நானாக இருந்தால் என்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் மரியாதை ஏறிக்கொண்டே போனது, பயமும்தான். ஒருநாள் மட்டும் நிதானமாகத் திருப்பிக் கேட்டாள்:

"முள்ளு தப்பு காட்டிக்கினு இருக்கும்போது எப்படி மேடம் வேற எங்கயோ பாக்கறது? எங்க லைன்ல அப்படிப் பார்த்தா அன்னிக்கே மெமோ குடுத்துடுவாங்க."

ஆயுத பூஜை

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் தொழிற்சாலைக் கேட்டிலிருந்து டீக்கடை பாய்லர் வரை பொட்டில்லாத இரும்பு கிடையாது. தங்கராஜ் அண்ணனும் அன்று குளித்து, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பிரிண்டர், ஃபேன் சுவிட்ச், ஷட்டர் பூட்டு, சிமுலேட்டரின் கைப்பிடி என ஒன்றையும் விடவில்லை. கடைசியில் நடுத் திரைக்கு நட்ட நடுவே, சந்தனத்தின் மேல் குங்குமமாக ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார். மறுநாள் பார்த்துவிட்டு நான் திட்டித் தீர்த்தேன். துடைக்கத் துணி எடுக்க அவர் போன நேரத்தில் பவித்ரா வந்து உட்கார்ந்துவிட்டாள். சரி, ஓட்டி முடிக்கட்டும் என்று விட்டேன்.

வழக்கமான வேகத்தில் விமானம் மட்டமாக வந்தபோது, அந்தப் பொட்டு சரியாக அடிவானக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மூக்கு கொஞ்சம் இறங்கினால் பொட்டு கோட்டுக்குக் கீழே போனது. ஏறினால் மேலே வந்தது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நிஜ விமானத்திலும் சில ஆசிரியர்கள் முன்கண்ணாடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். படித்ததோடு சரி. "பவித்ரா, பொட்டைக் கோட்டிலேயே வை, வேறு எதையும் பார்க்காதே" என்றேன். முறைத்துப் பார்க்க அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் தோள் இறங்கியது, பிடி தளர்ந்தது. பிடிக்காமலே மூக்கை அதே நிலையில் நிறுத்துகிற டிரிம் சக்கரத்தை மெல்லத் திருகி, கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். விமானம் போய்க்கொண்டே இருந்தது, முள் அசையவில்லை. வாசலில் ஈரத் துணியோடு நின்ற தங்கராஜ் அண்ணன் கேட்டார்:

"இப்ப தொடைக்கணுமா, வேணாமா மேடம்?"

கேப்டன் வந்த நாள்

துடைக்கவில்லை. சந்தனம் உதிர உதிர அண்ணனே அதே இடத்தில் புதிதாக வைத்துவந்தார். வேகத்தைக் குறைக்கிற பாடத்தைப் பொட்டோடு சேர்த்துப் பவித்ராவுக்கு நடத்துவதற்குள் கேப்டன் வருகிற நாள் வந்துவிட்டது. அண்ணனுக்கு விருந்தாளி என்றால் உயிர். விடிந்ததும் வந்து, தரையைக் கழுவி, திரைகளுக்கு லோஷன் போட்டுத் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். நான் அதைப் பார்த்தபோது கேப்டன் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. பவித்ரா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொட்டு இருந்த இடம் பளபளவென்று இருந்தது. தங்கராஜ் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

அவள் கிளம்பினாள், ஏறினாள், மட்டத்துக்கு வந்தாள். முள் ஆடத் தொடங்கியது. போச்சு என்று நினைத்தேன். அவள் கையை இறுக்கவில்லை. மூக்கை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, முள்ளை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். அது நின்றதும் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், தன் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, எட்டித் திரையில் அடிவானத்தின் மேல் ஒட்டினாள். கேப்டனின் புருவம் உயர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதே உயரம். வேகத்தை மட்டும் நல்லா குறைச்சுக் காட்டும்மா" என்றார். பொட்டோடு நான் நடத்தாத இடம்! பொட்டைக் கோட்டிலேயே வைத்திருந்தால் விமானம் விழுந்துகொண்டே போகும். அவள் த்ராட்டிலைக் குறைத்தாள். வேகம் வடிய வடிய மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். பொட்டு கோட்டை விட்டு விலகி ஆகாயத்துக்குள் போனது. முள் அங்கேயே நின்றது. டிரிமைத் திருகிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"பொட்டை ஏன் கோட்டுல வைக்கல?" என்று கேப்டன் கேட்டார். "அது வேகமா போறதுக்கு வச்ச பொட்டு சார். மெதுவா போறதுக்கு வேற வேணும், என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, திரையிலிருந்து அந்தப் பொட்டை நகத்தால் பதமாக எடுத்து, அவள் விரல் நுனியில் வைத்தார்:

"பயிற்சிக்கு வரும்போது ஒரு முழு அட்டையா வாங்கிட்டு வாம்மா. அங்க கண்ணாடி இதைவிடப் பெருசு."

இத்தனை வருடமாகப் போர்டில் அம்புக்குறி போட்டே சாக்பீஸைத் தீர்த்த நான், இப்போது புது வகுப்பு தொடங்குகிற அன்று முதல் வேலையாக ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், மீசை வைத்த மாணவர்களுக்கும் சேர்த்துப் பொட்டு அட்டை வாங்கி வருகிறேன்.