மூன்றாவது ஆல்பத்தில் அண்ணன்

பகலில் அவள் பொய்ப்பல் செய்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு வளைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி மெருகேற்றி அனுப்புவது வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் தயவில்தான் என்று பீற்றிக்கொள்வாள். வார விடுமுறை வந்தால் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ராக் பாடுவாள். பாட்டும் அவளே எழுதுவாள், மெட்டும் அவளே போடுவாள். எந்தக் கம்பெனியும் அவளைத் தேடி வந்ததில்லை. அதைத்தான் கொஞ்சம் கௌரவமாக, "நான் தனிக்காட்டு ராஜா" என்று சொல்லிக்கொள்வாள். எல்லோரும் அவளைப் பாட்டுக்காரி என்றார்கள். பல்லுக்காரி என்று கூப்பிடாதவரை சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளுடைய ஸ்டுடியோ, அண்ணனின் திரைச்சீலைக் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு. நான்கு பக்கமும் துணிச்சுருள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். கத்தினாலும் எதிரொலிக்காது, தெருவுக்கும் கேட்காது. அண்ணன் கழுத்தில் அளவு நாடா தொங்க நாளெல்லாம் ஜன்னல் அளந்துவிட்டு, இங்கே வந்து பேஸ் கிட்டார் வாசிப்பான். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நடந்துபோகும் அந்தத் தடித்த தந்திகள்தான் அவன் உலகம். ஒலிப்பதிவும் அவன் பொறுப்பு. டிரம்ஸ் அடிக்க ஒரு பி.டி. மாஸ்டர் வருவார். பிள்ளைகளை விரட்டும் அதே கோபத்தோடு அடிப்பார்.

முதல் ஆல்பத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. பாட்டுகளை எல்லாம் முடித்து, அண்ணன் இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தான். ஒன்று முழுசாக உள்ளது. இன்னொன்றில் அவன் வாசிப்பு மட்டும் இருக்காது. வீட்டில் அதை ஓடவிட்டு, கூடவே வாசித்துப் பழகுவதற்காக எடுத்தது. இணையத்தில் ஏற்றும்போது கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்ததால், ஒருமுறை போட்டுப் பார்க்காமலே ஏற்றிவிட்டான். போனது பழகும் பிரதி. எந்தப் பிரதியில் தான் இல்லையோ, அதைத் தன் கையாலேயே உலகத்துக்கு அனுப்பிவைத்தான் புண்ணியவான்.

அது தெரிவதற்குள் வார இதழ் ஒன்றில் விமர்சனம் வந்துவிட்டது. அந்த விமர்சகர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. அவரே, "பேஸ் கிட்டாரைத் தூக்கி எறிந்த துணிச்சல் இது. அடியில் தரையே இல்லாமல் இந்தக் குரல் அந்தரத்தில் நிற்கிறது" என்று எழுதியிருந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அண்ணனின் பேஸ் ஒரு பாட்டிலும் இல்லை.

கடைக்கு ஓடினாள். அண்ணனும் அதற்குள் கண்டுபிடித்திருந்தான்.

"தப்பு என்னோடதுதான். இப்பவே மாத்திடட்டுமா?" என்று கேட்டான்.

அவள் கையில் அந்த இதழ் இருந்தது. "இருக்கட்டும்ண்ணா" என்றாள்.

அவன் சரி என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கோ அளவெடுக்கப் போய்விட்டான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆல்பத்துக்கு அதன் பிறகும் நான்கைந்து இடங்களில் நல்ல பேர் வந்தது. ஒவ்வொரு பாராட்டும் அவன் இல்லாததைத்தான் மெச்சியது.

இரண்டாவது ஆல்பத்தில் அவள் பாவத்தைக் கழுவ நினைத்தாள். அண்ணனின் வாசிப்பை எல்லாப் பாட்டிலும் தூக்கலாக வைத்தாள். அவனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, சரியான பிரதிதானா என்று பார்த்துப் பார்த்து ஏற்றினான். விமர்சகர் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். "அந்தத் துணிச்சல் எங்கே போனது? கூப்பிடாத விருந்தாளியாக இந்த பேஸ் கிட்டார் ஒவ்வொரு பாட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது."

அண்ணி அதைப் படித்துவிட்டு, அந்த மனுஷன் என்றைக்காவது நம் கடைக்குத் திரை தைக்க வந்தால் ஒரு பக்கம் குட்டையாகத் தைக்க வேண்டும் என்றாள். அண்ணன் மட்டும், "அவர் சொல்றதுல நியாயம் இருக்கு" என்றான். பேஸ் கிட்டாரை மிச்சத் திரைத்துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தான். இனி ஒலிப்பதிவு மட்டும் செய்வேன், வாசிக்க வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான்.

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், அண்ணியைத் தூது அனுப்பினாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை. அவளுக்குப் பாட்டே எழுத வரவில்லை. சிறு வயதில் வீட்டுச் சுவரில் தாளம் தட்டி அவளைப் பாடவைத்தவன் அவன். அவன் இல்லாமல் இன்னொரு ஆல்பம் போட்டு, அதற்கு உலகமே கைதட்டினாலும் தனக்கு வேண்டாம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு அவள் "இருக்கட்டும்" என்று சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் அவளே பரணில் ஏறி அந்தக் கிட்டாரை இறக்கினாள். அதை மடியில் வைத்துக்கொண்டே பாட்டு எழுத ஆரம்பித்தாள். தன் கிட்டாரைத் தொடவே இல்லை. பேஸ் முதலில் பேசும், குரல் அதற்குப் பதில் சொல்லும். எல்லாப் பாட்டும் அப்படி. அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது. எழுதினாளே தவிர வாசிக்க வரவில்லை. பல் நட்டுப் பழகிய சின்ன விரல்கள் அந்தத் தடித்த தந்தியை அழுத்த முடியாமல் கன்னிப்போயின. ஆனாலும், நானே வாசித்துப் பதிவு செய்யப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பதிவு நாளன்று அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு துணிச்சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்தான். அவள் வாசித்தாள். முதல் தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாம் தடவை நெற்றியைத் தேய்த்தான். பி.டி. மாஸ்டர் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார். மறுபடி அவள் ஆரம்பித்ததும் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"நல்ல பாட்டு. ஏன் இப்படிக் கொல்ற?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்ண்ணா."

"தள்ளு."

அவள் தள்ளினாள். அவன் எட்டிக் கிட்டாரை வாங்கித் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். அவள் எழுதியதை அப்படியே வாசித்தான். பிறகு அதில் இல்லாததையும் வாசித்தான். பி.டி. மாஸ்டர் யாரையும் கேட்காமல் சேர்ந்துகொண்டார். அவள் அதையே கேட்டுக்கொண்டு நின்று முதல் வரியைத் தவறவிட்டாள். அவன் நிறுத்தாமல் இன்னொரு சுற்று வாசித்து அவளுக்காகக் காத்திருந்தான்.

மூன்றாவது ஆல்பம் வெளிவந்த அன்று ஒரு பழைய அச்சகக் கூடத்தில் மேடை போட்டார்கள். நாற்காலி பாதி நிரம்பினால் போதும் என்று அண்ணி வேண்டிக்கொண்டாள். கூடம் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு விமர்சகரும் இருந்தார். மூன்றாவது பாட்டில் பேஸ் மட்டும் தனியாக ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கும் இடம் வந்தது. முன்வரிசையில் யாரோ அதை வாயாலேயே பாட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடமே பாடியது. ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த மெட்டை அத்தனை பேர் பாடுவதைக் கேட்டு, அவள் மைக்கை விட்டு விலகி நின்றாள். அண்ணன் தலையே நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் இதழ் வந்ததும் அண்ணி துணி வெட்டும் மேஜையில் விரித்து உரக்கப் படித்தாள். அண்ணன் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி காட்டிக்கொண்டே, கேட்காதவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். "இத்தனை நாள் இந்த விரல்களை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? ஆண்டின் ஆல்பம் இதுதான்" என்றிருந்தது. அண்ணி அந்த வரியை மட்டும் மறுபடி படித்தாள். அப்புறம் அவள் குரல் இறங்கியது. கடைசிப் பத்தியில், "குரல்தான் இடைஞ்சல். பேஸ் சொல்லி முடித்ததையே பாடகி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் ஒதுங்கி நின்றால் நல்லது" என்றிருந்தது.

பக்கத்தில் நின்ற பாட்டுக்காரிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்னாவிட்டால் அவள் பாடகியே இல்லை. ஆனால் அந்தச் சுருக்கைத் தாண்டி, முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் கிடைக்காத ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவன் முகம் கறுத்துப்போயிருந்தது.

"இவருக்கு என்ன தெரியும்? உன் குரல் இல்லாம எது நிக்கும்?"

"அவர் சொல்றதுலயும் நியாயம்..." என்று அவள் இழுத்தாள்.

"ஒரு நியாயமும் இல்ல."

வாடிக்கையாளரிடம், "அம்மா, மன்னிச்சிடுங்க. நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து அளவெடுத்துத் தரேன்" என்று சொல்லி வழியனுப்பினான். நாடாவைக் கழற்றி மேஜைமேல் போட்டான். வேலை நாளில், நல்ல வியாபார நேரத்தில், ஷட்டரை இழுத்து மூடினான்.

"வா, கிடங்குக்குப் போலாம். நீ பாடு, நான் வாசிக்கிறேன்" என்றான்.