வாத்துகளுக்காக விலகியவள்

ஆம், வதனி செத்ததை எனக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். வேட்டைநாய்ப் போட்டிச் சங்கத்தில் அவளோடு இருந்த வெள்ளைக்காரர் பில்லுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. இங்கே கனடாவில், வோபர்னில் இருந்த வதனியின் வீட்டுக்கு நான் போனபோது அவர் கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் நாளிலிருந்து அவளுடைய சிநேகிதி நான். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். அதையும் பில்தான் எனக்குச் சொன்னார்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, கல்வெட்டுக்கு, எழுதும்படி அவளுடைய அம்மா கேட்டார்.

“நாயைப் பற்றி எழுதிப்போடாதை, பிள்ளை. சனம் சிரிக்கும்.”

நாயை விட்டுவிட்டு வதனியை எப்படி எழுதுவது, அன்ரி?

உங்களில் பலர் அந்தப் போட்டியைப் பார்த்திருக்கமாட்டீர்கள். புல்லுக்குள் பறவை இருப்பதை மோப்பம் பிடித்ததும் நாய் அசையாமல் நிற்க வேண்டும். பறவையைக் கிளப்பிவிட்டு வெற்றுத் தோட்டா சுடுவார்கள். அப்போதும் அசையக்கூடாது. நான் பயிற்சி பார்க்கப் போன முதல் நாள் பில் சொல்லாமல் கொள்ளாமல் சுட்டார். நானும் வதனியும் குப்புற விழுந்து படுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்துப் பழக்கம். பில் பதறிப்போனார். நாய் நின்றபடியே நின்றது.

“பாரடி உவனை! ஷெல் விழாத ஊரிலை பிறந்த திமிர்!”

வதனி சிரித்தபடி ஓடிப்போய் நாயைக் கட்டிக்கொண்டாள். என் முழங்காலில் இரத்தம். அவள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நாயினுடையவை. என் பிறந்தநாள் ஒருமுறை ஞாயிறில் வந்தது.

“அது அடுத்த வருசமும் வரும்தானே” என்றாள்.

ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் என்று கோழிகளையெல்லாம் கொன்ற குளிர்காலம். அடுத்து வந்த வசந்தகாலப் போட்டியில் அவளுடைய நாய்தான் வெல்லும் என்று பேச்சு. சங்கக் கூட்டத்தில், காட்டு வாத்துகளிடமிருந்து நாய்களுக்குத் தொற்றுமா என்று பயந்தார்கள். வதனியின் பயம் வேறு. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்.

“வாத்து எங்களிட்டை வரேல்லையடி. நாங்கள்தான் போட்டிக்கெண்டு பண்ணைப் பறவையளைக் கூட்டிலை கொண்டுபோய் அதுகளின்ரை குளத்தடியிலை விடுறம்.”

“கனடாவிலை அந்தக் காய்ச்சல் இல்லையே.”

“எங்களாலை அதுகளுக்கு வந்தாப்பிறகு வாத்திட்டைப் போய் சொறி சொல்லுவியா?”

போட்டியை நிறுத்தவில்லை. அவள் விலகிக்கொண்டாள். எத்தனையோ காலம் காத்திருந்த போட்டி. நான் மெச்சியிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. எனக்காக ஒரு ஞாயிற்றைக்கூட விட்டுத்தராதவள், முகம் தெரியாத வாத்துகளுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள்.

இப்போதும் எரிகிறது. செத்தவீட்டில் யார் யாரோ அவளைத் தங்களுடையவள் என்றார்கள். நாயைப் பில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

போன கிழமை பில் ஃபோன் எடுத்தார். நாய் சாப்பிடுகிறது, நடக்கிறது. ஆனால் புல்வெளியில் என்ன சொன்னாலும் நிற்பதில்லையாம். அவள் என்ன சொல்லி நிறுத்துவாள் என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். குழந்தைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொல்லுவாள்: “நில்லு, ராசா.” பில்லுக்குக் கேட்கும்படி ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இரண்டு சொற்கள், அவள் சொல்லும் அதே குரலில், என்னிடம் இருக்கின்றன. அவளுடையதென்று எனக்கு மிஞ்சியது அதுதான். இங்கே துணிந்து எழுதுகிறேன். பில்லுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஃபோனில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. நானே வந்து நாயை நிறுத்திப் பார்க்கிறேன் என்றேன். அன்று பின்னேரமே இரண்டு பஸ் மாறி, பில் நாயைப் பழக்கும் ரூஜ் புல்வெளிக்குப் போனேன்.