அக்கா வீட்டு வெயில்

என் அக்கா தையல்காரி. ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, ஒற்றை அறை, ஒரே ஜன்னல். கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். அந்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அக்கா ஓடிப்போய்த் தன் அடுப்பை அணைப்பாள். அத்தனை நெருக்கம்! உச்சிப்பொழுதில் மட்டும் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே கொஞ்சம் வெயில் இறங்கி ஜன்னலோரம் விழும். அங்கேதான் மெஷினைப் போட்டிருந்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

கத்தரியும் ஊசியும் கிடக்கிற இடம் என்பதால் மகளை அந்தப் பக்கமே விடமாட்டாள். கீழே சந்தில் பைக்குகள் ஓயாமல் பறக்கும். மொட்டை மாடிக்கோ பூட்டு. மூன்று வயதுக் குட்டி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் டியூப்லைட் வெளிச்சத்திலேயே வளர்ந்தாள்.

"என் பொண்ணு உடம்புல ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்" என்று அக்கா பீற்றிக்கொள்வாள். குட்டி அசைந்து அசைந்து நடப்பதை மாமா 'வாத்து நடை' என்று செல்லமாகக் கேலி செய்வார். கால்கள் வில்லாக வளைந்துகொண்டே போனபோதுதான் அக்காவுக்குப் பயம் வந்தது. துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலும்பு கெட்டிப்படவே இல்லம்மா. குழந்தை வெயில்லயே விளையாடாதா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயிலா? வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்! அது குழந்தை மேல் படக்கூடாது என்று தலையோடு துண்டைப் போட்டுப் பொத்தித்தானே தூக்கி வந்திருந்தோம்!

அக்கா குட்டியின் காலைத் தடவியபடியே கேட்டாள். "கால் நேராகிடுமா டாக்டர்?"

"இப்பவே மருந்தும் வெயிலும் குடுத்தா நேராகிடும். விட்டுட்டா அப்புறம் ஆபரேஷன்தான்."

வந்ததும் வராததுமாக வீட்டுச் சொந்தக்காரரிடம் மொட்டை மாடிச் சாவியைக் கேட்டோம்.

"மாடியில துணி காயப்போடக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேனே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "துணி இல்லைங்க, பிள்ளையைக் காயப்போடணும்! எலும்பு வளைஞ்சு கிடக்கு, வந்து பாருங்க!" என்று கத்தினேன். வளைந்த காலைப் பார்த்ததும் மனிதர் முகம் வெளுத்துவிட்டது. உடனே சாவியைக் கொடுத்தார்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே அக்கா குட்டியை இறக்கிவிட்டுத் துண்டை எடுத்தாள். குட்டி வீல் என்று அலறி, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, லைட்டை ஆஃப் பண்ணும்மா!"

தூக்கிக்கொள்ள நீண்ட தன் கைகளை அக்கா பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"முடியாதுடி தங்கம்" என்று சொல்லிவிட்டு, அவளும் அழுதாள்.