அக்காவுக்கு நான் ஒட்டிய முகம்

அக்காவின் தாடைக்குக் கீழே சிலிக்கோன் விளிம்பு நகக்கண் அளவு எழும்பி நின்றதை நான் பார்த்தபோது, அவள் கணவன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தான். அவன் கையில் தோர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு குப்பி. வெயிலில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வை பட்டால் பசை இளகிவிடும்.

மலையாள சினிமாவுக்கும் டிவி தொடர்களுக்கும் போலித் தோல் செய்து ஒட்டுவது என் தொழில். தீக்காயம், வெட்டு, முதுமை எல்லாம் செய்வேன். அக்கா எனக்கு உறவில்லை. ஒரு தொடரில் தாய் வேடம் போட்டவள். அவளுக்குப் பள்ளுருத்தி, எனக்குச் சுள்ளிக்கல். இருவர் வீட்டிலும் தமிழ் என்பதால் மேக்கப் நாற்காலியில் எங்கள் பேச்சு ஓயாது. அவள் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும், "வேண்டாம் மோளே" என்று கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு ஒருநாள் வீட்டை விட்டு இறங்கி ஹாஸ்டலில் சேர்ந்தாள். "முகத்தைக் காட்டித்தானே சம்பாதிக்கிறே, அது இல்லாம ஆக்கிடறேன்" என்று அவன் போனில் சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

அன்று கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. கதையில் தாய்க்கு வயதாகியிருந்தது. சுருக்கம் விழுந்த முகத்தையும் கழுத்தையும் ஒட்டி முடித்திருந்தேன். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடி வந்தாள். "அக்கா, உங்க ஆள் கேட்டுல நிக்கிறான். கையில குப்பி."

கிடங்குக்குப் பின்னால் காயல். வேறு வழி கிடையாது. போலீஸைக் கூப்பிடலாம் என்றேன். "அவங்க வர்றதுக்குள்ள அவன் அகத்து கேறிடுவான்" என்ற அக்கா, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்த முகத்தை அவன் கண்டதில்ல, மோளே."

வேடத்துக்கான வெள்ளை உடையும், தலையில் முஸ்லிம் கிழவிகள் போடும் தட்டம் என்ற முக்காடுமாக, முதுகை வளைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னை அவனுக்குத் தெரியாது. பாதி முற்றம் கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: கைகளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கிழவியின் உடலில் அவளுடைய இளம் கைகள். தட்டத்தின் நுனியை இழுத்து அவற்றை மூடினேன்.

"உம்மா, உள்ள ஷூட்டிங் கழிஞ்சதா?" என்று கேட்டான்.

அக்கா வாய் திறந்தால் தீர்ந்தது. "உம்மாவுக்குச் செவி கேக்காது சேட்டா. கழிய இன்னும் நேரம் ஆகும்" என்றேன். தட்டத்தைச் சரிசெய்வதுபோலக் கையைக் கொண்டுபோய், எழும்பிய விளிம்பை அழுத்திக்கொண்டேன். என் விரலுக்கடியில் அவள் நாடி படபடவென்று அடித்தது.

வாசலில் மூடியில்லாத சாக்கடை. அக்காவின் கால் தடுமாறியது. நான் பிடிப்பதற்குள் அவன் குப்பியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் அவள் முழங்கையைத் தாங்கினான். "பதுக்க, உம்மா, பதுக்க" என்றான். மெதுவாக நடக்கச் சொல்லும் அத்தனை மென்மையான குரல். தாண்டவைத்துவிட்டு, மறுபடி கேட்டுக்குப் போய்க் காவல் நின்றான்.

ஆட்டோ பிடித்தோம். சுள்ளிக்கலில் என் வீட்டில் கதவைத் தாழிட்டு முகத்தை உரித்தேன். பசை பட்டுச் சிவந்த சொந்த முகம் வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "கல்யாணம் கழிஞ்சு இத்தனை வருஷத்துல, நான் விழாம அவன் பிடிச்சது இன்னைக்குத்தான், மோளே."

அன்றே புகார் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு, தங்கை வீட்டுக்குப் போனாள். அவனைப் பிடித்தார்கள், சில மாதங்களில் வெளியே வந்துவிட்டான். அக்கா அதற்குப் பிறகு நடிக்கவில்லை. மொழிமாற்றம் செய்யும் தொடர்களுக்கு மலையாளக் குரல் கொடுக்கிறாள். சில மாலைகளில் டிவியில் யாரோ ஒருத்தியின் வாயிலிருந்து அவள் குரல் வரும். நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாக மூச்சு விடுவேன். அவனும் எங்கோ ஒரு டிவியின் முன்னால் உட்கார்ந்து இதே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வரும்.